தை 1 பொங்கல், தை 6 பரீட்சை

டைம்டேபிளைக் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது டிசம்பர் மூன்றாவது வாரம் ஆகிவிட்டது. முதல் பேப்பர் ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை. பொங்கல் 15, வியாழன். ஃபோட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டேன். என் வீட்டுக்காரர் கட்டைவிரல் போட்டார். நாத்தனார் கைகூப்பும் படம் போட்டாள். அத்தை மட்டும் ஃபோன் பண்ணினார். "வரலன்னா இப்பவே சொல்லிரும்மா. சிறுகிழங்கு அளவா வாங்கணும்லா."

திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். சிறுகிழங்கைக் கேட்டால் என்ன சொல்வது? "ரெண்டு நாள் டைம் குடுங்க அத்தை" என்று வைத்துவிட்டேன்.

முப்பத்தாறு வயதில் மூன்றாண்டு எல்எல்பி சேர்ந்தவள் நான். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். வேலையை விட்டாலும் அந்தப் புத்தி போகவில்லை. எதையும் வரவு, செலவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்தால்தான் எனக்கு விளங்கும். அந்த இரண்டு நாளில் நோட்டில் கிறுக்கியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டே குடும்பமும் நடத்துகிறவர்களுக்கு, குறிப்பாக மருமகள்களுக்கு, உதவக்கூடும்.

முடிவெடுக்க வேண்டியவை இரண்டு. பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்துக்குப் போவதா, போனால் எத்தனை நாள் என்பது ஒன்று. மாட்டுப் பொங்கலன்று அந்த வீட்டில் தலைமுறையாக நடக்கும் அரிசி, துணி கொடுக்கும் வழக்கத்தை இந்த வருஷம் என்ன செய்வது என்பது இன்னொன்று. இரண்டும் தனித்தனி என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

ஊருக்குப் போகும் கணக்கு

முதலில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்க்க வேண்டும். சட்டப் படிப்பில் பரீட்சையைவிடக் கறாரானது வருகைப்பதிவு. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். தக்க காரணம் இருந்து மொத்தத்தில் 70 இருந்தால், ஒரு பாடத்தில் 65 வரை விட்டுக்கொடுப்பார்கள். ஒரு பாடத்துக்கு 60 வகுப்பு என்றால் 18 வகுப்புக்கு மேல் போகக்கூடாது. வருகை குறைந்ததற்காக எந்தச் சட்ட மாணவரையும் பரீட்சை எழுதவிடாமல் தடுக்கக்கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. வகுப்பில் கைதட்டாத குறைதான். ஆனால் அதை நம்பி எங்கள் அலுவலக மேசைமுன் நின்று வாதாட எனக்குத் தெம்பு இல்லை. அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். வருகை குறைந்து நிறுத்திவிட்டால் போனது போனதுதான்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். தீபாவளி, கார்த்திகை, கொழுந்தன் வீட்டுக் காதுகுத்து எல்லாம் வகுப்பு நடக்கும் நாட்களில் வருபவை. அவற்றுக்கு ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றரை நாள். பொங்கல் எங்களுக்குப் படிப்பு விடுமுறையில் விழுகிறது. வகுப்பு கிடையாது, வருகை போகாது. போவது படிக்கும் நேரம் மட்டும்.

போன பொங்கலுக்கும் இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2025இல் ஜனவரி 17 வெள்ளிக்கிழமையையும் அரசு விடுமுறை ஆக்கியது. 14இலிருந்து 19 வரை ஆறு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தையும் மூன்று நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஆறு நாளில் அந்தப் பையின் ஜிப்பைத் திறந்தது ஒரே தடவை, அதுவும் ரயிலில் சீப்பு எடுக்க. பொங்கல் வீட்டில் மருமகள் புத்தகத்தோடு உட்கார யாரும் தடை சொல்வதில்லை. "நீ படிம்மா, படி" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பத்துப் பேருக்குக் காய் நறுக்கும் சத்தம் கேட்கும்போது அறைக்குள் உட்கார்ந்து 'பிரதிபயன்' என்றால் என்ன என்று எப்படி மனப்பாடம் செய்வது? ஏழு மார்க்கில் பேப்பர் போனது. ஏப்ரலில் திரும்ப எழுதினேன்.

இந்த வருஷம் முன்னால் இருந்த வழிகள் இவை.

முழுதாகப் போவது. 13ஆம் தேதி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ், 18 இரவு திரும்பல். நவம்பர் நடுவிலேயே மூன்று பேருக்கும் ஸ்லீப்பர் போட்டு வைத்திருந்தோம். ரயில்வே முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது 2024 நவம்பரில். இரண்டு மாதம் முன்னால் டிக்கெட் போட வேண்டும், பரீட்சைத் தேதி ஒரு மாதம் முன்னால்தான் தெரியும். இந்த இடைவெளியில்தான் சட்ட மாணவர்களின் பண்டிகை மாட்டிக்கொள்கிறது. என் யோசனை, எப்படியும் போட்டு வையுங்கள். முன்கூட்டியே ரத்து செய்தால் ஸ்லீப்பரில் பிடித்தம் பெரிதாக இருக்காது. கடைசி நேரத்தில் தத்கலுக்குப் பதினோரு மணிக்கு விரலை வைத்துக்கொண்டு உட்காருவதும், கிளாம்பாக்கத்தில் ஆம்னி பஸ்காரர் சொல்லும் விலையைக் கேட்பதும் அதைவிடக் கொடுமை. இந்த வழியில் உண்மையாகப் படிக்கக் கிடைக்கும் நேரம் போன வருஷ அனுபவப்படி பூஜ்யம். பெருந்தன்மையாக நாலு மணி நேரம் என்று போட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் மட்டும் போவது. கேட்க நன்றாக இருக்கும், அதனாலேயே பலரும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 14 இரவு கிளம்பி 15 இரவு திரும்புவது. ஆனால் எங்கள் ரயில் திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்வதே காலை ஏழு மணி வாக்கில். அங்கிருந்து பஸ் பிடித்துக் கிராமத்துக்கு ஒன்றரை மணி நேரம். அத்தை வீட்டில் சூரியன் கிளம்பும்போது முற்றத்தில் பால் பொங்கியாக வேண்டும். பனையோலை எரிந்து சாம்பலான பிறகு நான் போய் இறங்குவேன். இரண்டு இரவுத் தூக்கம் போகும், போக வர ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல், கிடைப்பது ஆறிய சர்க்கரைப் பொங்கல். 16ஆம் தேதி முழுக்கத் தலைவலி. வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டு விட்டுவிடும், ஆனால் அதில் பொங்கலுக்கு இடம் கேட்பவர் என்னைப்போல் ஆயிரம் பேர். முழுதாகப் போவதைவிட மோசமான வழி இதுதான் என்று எனக்குத் தோன்றியது. படிப்பும் போகிறது, பொங்கலும் கிடைப்பதில்லை. போனேன் என்று சொல்லிக்கொள்ள மட்டும் ஒரு பயணம்.

அவர்களை இங்கே வரவழைப்பது. சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் மொட்டை மாடியில் சங்கத்தார் பொங்கலுக்கு மட்டும் அடுப்பு மூட்ட விடுவார்கள். மாமாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "மாட்ட என்ன செய்ய? பொங்கலும் அதுவுமா அடுத்தவன் தொழுவத்துல கட்டச் சொல்லுதியா?" என்றார். ஒரே ஒரு மாடுதான் இருக்கிறது. ஆனால் மாட்டுப் பொங்கலுக்கு அந்த ஒன்று போதுமே. இந்த வழி அதோடு அடைபட்டது. ஊரில் மாடோ வயதான ஆட்களோ இல்லாத வீடுகளுக்கு இது நல்ல வழி. விருந்தாளி வந்த வீட்டில் எவ்வளவு படிக்க முடியும் என்பது வேறு விஷயம்.

கடைசி வழி, அவரும் மகளும் போவது, நான் மட்டும் இங்கே இருப்பது. காகிதத்தில் இதற்குப் பக்கத்தில் எதுவும் வர முடியாது. ஐந்து நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 40 மணி நேரம். வீட்டில் சத்தம் இல்லை, மூன்று வேளைச் சமையல் இல்லை. ஆனாலும் நோட்டில் இந்த வரிக்குக் கீழே பேனா வெகுநேரம் நின்றது. மருமகள் வேலை என்று இங்கேயே இருந்து, மகன் மட்டும் வந்தால் ஊரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மருமகள் படிக்கிறாள் என்று வராமல் இருந்தால் "ஏதும் பிரச்சினையா?" என்று நாலு பேர் அத்தையிடம் கேட்பார்கள். கேள்விக்குப் பதில் சொல்லப்போவது நான் இல்லை, அத்தை. செலவுப் பத்தியில் இதை எழுத வேண்டுமே.

முடிவை மாற்றியது என் மகள். மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் காலையில் கோலத்தின் நடுவில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப்பூ செருகுகிறாள். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் பால்காரர் கொட்டகை இருப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த உருண்டைகளைத் தட்டி வரட்டியாகக் காயவைத்து, பால்கனியில் ஒரு செருப்பு டப்பாவில் அடுக்கியிருக்கிறாள். சிறுவீட்டுப் பொங்கலுக்காம்.

தென் மாவட்டத்தார் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் பெரிய பொங்கல் முடிந்த பிறகு சிறு பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பொங்கல் உண்டு. முற்றத்தில் களிமண்ணால் முழங்கால் உயரத்துக்கு ஒரு வீடு கட்டி, அதன்முன் அவர்களே சிறு பானையில் பொங்கலிட்டு, மார்கழி முழுக்கச் சேர்த்த வரட்டியை ஆற்றில் விடுவார்கள். தை மாதத்துக்குள் ஏதாவது ஒரு நல்ல நாளில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பெரிய பொங்கலுக்குத் தேதி மாறாது. சிறுவீட்டுப் பொங்கலை வீட்டு வசதிக்குத் தள்ளலாம். எத்தனையோ வருஷம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக அத்தையே தள்ளி வைத்திருக்கிறார். இந்த வருஷம் தை பிப்ரவரி 12 வரை இருக்கிறது. என் கடைசிப் பேப்பர் ஜனவரி 30. பிப்ரவரி 7, 8 சனி, ஞாயிறு. அந்த வாரத்துக்கு ரயிலில் இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

ஆக, பெரிய பொங்கலுக்கு அவரும் மகளும் போவார்கள். நான் பிப்ரவரியில் மகளோடு திரும்பப் போவேன். மகளுக்கு இரண்டு பயணம், கொஞ்சம் கூடுதல் செலவுதான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முற்றத்தில் பால் பொங்குவதைப் பார்க்காத முதல் பொங்கல் எனக்கு. வீடியோ காலில் காட்டுகிறேன் என்கிறார் அவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பார்த்தால் அன்றைக்குப் படிக்க மாட்டேன்.

கொடுக்கும் கணக்கு

மாட்டுப் பொங்கலன்று காலையில் பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கொடுப்பது மாமாவின் அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்த வீட்டு வயலில் தலைமுறையாக நட்டு, அறுத்துக் கொடுத்தவர்கள். அப்போது மரக்காலில் நெல் அளந்திருக்கிறார்கள். இப்போது கடையில் வாங்கிய பத்துக் கிலோ அரிசிப் பை, ஒரு வேட்டி அல்லது சேலை, இரண்டு கரும்பு, ஒரு கட்டுப் பனங்கிழங்கு. போன வருஷம் மொத்தம் 12,600 ரூபாய் ஆனது. பாதி மாமா, பாதி நாங்கள். நான் வேலையில் இருந்தவரை எங்கள் பாதியை என் சம்பளத்திலிருந்து அனுப்புவேன். இப்போது அவர் சம்பளத்தில் என் படிப்பும் ஓடுகிறது, தர்மமும் ஓடுகிறது. என் கையில் வருமானம் இல்லாதபோது நான் கொடுக்கிறேன் என்று சொல்லலாமா என்ற உறுத்தல் ஒரு பக்கம்.

இன்னொரு உறுத்தல் போன வருஷம் திண்ணையில் ஏற்பட்டது. வயல் பாதி விற்றாயிற்று. மீதியில் நடவும் அறுப்பும் மெஷின். பன்னிரண்டு பையைக் கட்டி வைத்தோம், ஐந்து பேர்தான் வந்தார்கள். மாமா ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஒரு பையன் பைக்கில் வந்தான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவன், பண்டிகைக்கு வந்திருக்கிறான். வண்டியை அணைக்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மரியாதையாகவே, "ஆச்சி வருவாங்க, அவங்ககிட்டக் குடுங்க. நான் வாங்கல" என்றான். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அவன் சொன்னதில் தப்புத் தெரியவில்லை. அவன் தாத்தா அந்த வாசலில் துண்டை இடுப்பில் கட்டி நின்றதை அவன் மறக்க வேண்டும் என்று நாம் எப்படி எதிர்பார்ப்பது?

அரிசியையும் துணியையும் இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பொங்கலுக்கு விலையில்லா வேட்டி, சேலை கொடுக்கும் திட்டம் 1983இல் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கியது. பொங்கல் தொகுப்பில் பச்சரிசி, சர்க்கரை, முழுக்கரும்பு. எங்கள் வீட்டுப் பையில் இருக்கும் பனங்கிழங்கைத் தவிர மற்ற எல்லாமே ஏற்கெனவே ரேஷன் கடையில் வந்துவிடுகிறது.

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இது எனக்கு வேறு மாதிரிப் பட்டது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 122. கொடை என்றால் என்ன? இருக்கும் சொத்தை, தன் விருப்பத்தோடு, மறுபயன் வாங்காமல் ஒருவர் மாற்றிக் கொடுப்பது, அதைப் பெறுகிறவரோ அவர் சார்பில் இன்னொருவரோ ஏற்றுக்கொள்வது. ஏற்பு இல்லையென்றால் அது கொடையே இல்லை. கொடுக்கிறவர் உயிரோடு இருக்கும்போதே அந்த ஏற்பு நடந்திருக்க வேண்டும். இதைப் பத்துத் தடவை எழுதிப் பார்த்திருப்பேன். பதினோராவது தடவை எழுதும்போது பைக்கில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். மாமா எழுபத்து மூன்று வயதில் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பிரிவு 122இன் இரண்டாவது பாதி ஏழு வீட்டில் நின்றுபோயிருக்கிறது.

அப்புறம் மற்ற வழிகளைப் பார்த்தேன்.

வழக்கப்படியே கொடுப்பதில் ஒரு பெரிய நன்மை, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். மாமா மனம் கோணாது. குறை மேலே சொன்னதுதான்.

கோயில் அன்னதானத்துக்குக் கட்டுவது சுலபம். அறநிலையத் துறைக் கோயில்களில் ஆன்லைனிலேயே கட்டிவிடலாம், ரசீதும் வரும். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். பசிக்குச் சோறு போடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் விஷயத்தில் இது கைகழுவுகிற மாதிரி இருக்கிறது. பன்னிரண்டு வீட்டோடு இருந்த உறவை முடித்துக்கொள்ள ஒரு ரசீது.

சென்னையில் ஏதாவது அறக்கட்டளைக்கு அனுப்பி வரிச்சலுகை வாங்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். 80ஜி என்று சொல்லிப் பழகிய பிரிவு. கணக்கு எழுதியவள் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பலருக்கும் இதில் குழப்பம் இருக்கிறது. அரிசி, துணி என்று பொருளாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது, காசோலையோ வங்கி வழியோ போக வேண்டும். அறக்கட்டளை வெறும் ரசீது கொடுத்தால் போதாது, உரிய படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும், புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே இல்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து நாமாக மாற்றிக்கொள்ளாவிட்டால் எல்லோரும் புதிய முறைதான். என் வீட்டுக்காரரும் அதில்தான் இருக்கிறார். ஆக வரி மிச்சம் சுழி. கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கொடுங்கள், வரிக்காகக் கொடுக்காதீர்கள்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் இஸ்லாமியத் தோழிக்கு இந்தத் தலைவலி குறைவு. ஜகாத் கணக்கு தெளிவானது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு வருஷம் கையில் நிற்கும் செல்வத்தில் இரண்டரை சதவீதம், அந்த அளவு இல்லாதவருக்குக் கடமையே இல்லை. "நீ இப்ப ஸ்டூடண்ட், உன்கிட்ட நிக்கிறது ஒண்ணுமில்ல, ஏன் அலட்டிக்கிற?" என்று கேட்டாள். நம் பக்கம் அப்படி ஒரு கோடு கிடையாது. ஐயமிட்டு உண் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஊர்க் கோயில் கும்பாபிஷேக வசூல் நோட்டும் ஒன்று சுற்றுகிறது. அதில் அவர் பேரில் 5,000 என்று யாரோ எழுதிவிட்டார்கள், அவரும் தலையாட்டியிருக்கிறார். இப்படிப் பேர் எழுதிவிட்டுக் கொடுக்காவிட்டால் வழக்குப் போட முடியுமா என்பது ஒப்பந்தச் சட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி, நான் தோற்ற பேப்பர். 1886இல் கல்கத்தாவில், ஹவுரா நகர மண்டபம் கட்ட 100 ரூபாய் தருகிறேன் என்று பேர் எழுதியவர் கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பானது. அவர் வாக்கை நம்பிக் கட்டட வேலையை ஒப்பந்தம் விட்டிருந்தார்கள் என்பது காரணம். 1936இல் வெளியான சென்னைத் தீர்ப்பில், கோயில் திருப்பணிக்கு 125 ரூபாய் எழுதியவரிடம் வசூலிக்க முடியாது என்றார்கள். வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, இவர் வாக்கை நம்பி யாரும் எதையும் புதிதாகத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. நம் ஊர்க் கோபுரத்துக்குச் சாரம் கட்டியாயிற்றா என்று அவரிடம் கேட்டேன். "கட்டிட்டாங்க, ஏன்?" என்றார். சட்டப்படி நீங்கள் தப்பிக்கலாம், ஊர்ப்படி முடியாது என்றேன். 5,000 போகிறது, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பணம் இல்லாமல் கொடுக்க என்னிடம் இருப்பது படிப்பு. இதில் மட்டும் கவனம் வேண்டும். பட்டம் வாங்கி வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை நான் யாருக்காகவும் நீதிமன்றத்திலோ அதிகாரிமுன்போ ஆஜராக முடியாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் அதற்கு ஆறு மாதம் வரை சிறை. "மருமக வக்கீலுக்குப் படிக்கா" என்று அத்தை பெருமையாகச் சொல்லிவைத்ததில், போன பொங்கலுக்கே இரண்டு பேர் பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வந்துவிட்டார்கள். கருத்துச் சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஆனால் படிவம் நிரப்பலாம், விண்ணப்பம் எழுதித் தரலாம், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று வழி காட்டலாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியே. இது எங்கள் கிராமத்தில் ஒருவருக்கும் தெரியாது. இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற ஃபோன் எண்ணும் தெரியாது. போன வருஷம் வந்த ஒரு ஆச்சிக்கு வேண்டியிருந்தது வாரிசுச் சான்றிதழ். ஆதாரில் ஒரு பேர், இறப்புச் சான்றிதழில் புருஷனுக்கு இன்னொரு பேர், இரண்டு வருஷமாக அலைகிறார். அவருக்குப் பத்துக் கிலோ அரிசியைவிட அரை நாள் கூட வருகிற ஆள்தான் தேவை.

இந்த வழிக்கு ஒரு கிண்டலும் உண்டு. மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம் உள்ளகப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) முடிக்க வேண்டும், தொண்டு நிறுவனத்தில் செய்வதும் அதில் சேரும். டைரி எழுதினால் மார்க். அப்படியானால் அது தர்மமா, வீட்டுப்பாடமா என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். ஆச்சிக்குச் சான்றிதழ் கிடைத்தால் எனக்கு மார்க் கிடைப்பதில் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லையே. பொங்கல் வாரத்தில் அலுவலகம் எல்லாம் பூட்டியிருக்கும் என்பதுதான் நிஜமான இடைஞ்சல். பிப்ரவரி 6 வெள்ளி, 9 திங்கள் இரண்டும் வேலை நாள்.

கடைசியாக ஒரு வழி அத்தையிடம் பேசும்போதுதான் வந்தது. அந்தப் பன்னிரண்டு வீட்டில் யார் யாருக்கு இப்போது என்ன தேவை என்று கேட்டேன். அத்தை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். மூன்று ஆச்சிகளுக்கு அரிசிப் பை வேண்டும். அரிசிக்காகவும் இல்லை, வந்தால் அத்தையோடு ஒரு மணி நேரம் பேசலாம் என்பதற்காக. ஆறு வீட்டில் பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்கள், ஒன்றும் வேண்டாம், கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போய்வந்தால் போதும். ஒரு வீடு ஊரைவிட்டே போய்விட்டது. ஒரு வீடு அந்த வாரிசுச் சான்றிதழ் ஆச்சி. இன்னொரு வீட்டில் ஒரு பெண் நர்சிங் முதலாம் ஆண்டு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, ஹாஸ்டல் மெஸ் பாக்கிக்கு அது போதவில்லை.

"வாசல்ல நிக்கவச்சுக் குடுக்காண்டாம். நானே ஆச்சிமாருக்குக் கொண்டுபோய்க் குடுத்திருதேன். அந்தப் பிள்ளைக்கு நீ ஃபோன்ல அனுப்பு. அவ அம்மகிட்டக் கேட்டுட்டு அனுப்பு" என்றார் அத்தை.

கேட்டுவிட்டு அனுப்பு. பிரிவு 122ஐ அத்தை படித்ததில்லை.

மாமாவிடம் இதைச் சொல்வது யார் என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை. என் வீட்டுக்காரர் நேரில் சொல்கிறேன் என்கிறார். பன்னிரண்டு பை கட்டிய திண்ணையில் மூன்று பை இருப்பதைப் பார்த்தால் அவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அதற்கு என்னிடம் விடை இல்லை.

நேற்று அத்தைக்கு ஃபோன் செய்து முடிவைச் சொன்னேன். ரெண்டு பேர்தான் வருவார்கள், நான் பிப்ரவரியில் சிறுவீட்டுப் பொங்கலுக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் மாடு கத்தும் சத்தம் கேட்டது.

"அப்ப சிறுகிழங்கு?"

"ரெண்டு பேருக்கு அளவா வாங்குங்க அத்தை."

"தைக் கடைசியில கெழங்கு எங்க கெடைக்கும்? கூட ரெண்டு கிலோ வாங்கி மண்ணுல போட்டு வைக்கேன். நீ வா."